ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

சென்னை சென்ட்ரல் ரயிலடியில் இறங்கி வெளியே வருகிற வெளியூர்த் தோழர் ஒருவர், கொஞ்ச தூரம் நடந்ததும் மூக்கைப் பொத்திக் கொண்டு, "இது என்ன சாக்கடை?" என்று கேட்பார். "சாக்கடை அல்ல ஐயா, இதுதான் கூவம் ஆறு" என்று பட்டணத்துக்காரர் பதில் சொல்வார். இருவரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஐம்பது அறுபது வருஷமாக இந்தச் சிரிப்பு நடந்து கொண்டிருக்கிறது. அதே ஐம்பது அறுபது வருஷமாக இந்த ஆற்றைச் சுத்தப்படுத்தப் போகிறோம் என்ற பேச்சும் நடந்து கொண்டிருக்கிறது. இரண்டில் எது பெரிய தமாஷ் என்பதுதான் நமக்கு விளங்கவில்லை.

1967-இல் அண்ணா அவர்கள் முதல் மந்திரியான காலத்தில் கூவத்தைச் சீர்திருத்தும் வேலை ஆரம்பிக்கப்பட்டது. 1970-களின் தொடக்கத்தில் அதில் படகும் விடப்பட்டது. படகு போய்விட்டது, நாற்றம் போகவில்லை. பிறகு வந்த ஆட்சிகளும் ஆளுக்கொரு திட்டம் போட்டன. பத்து வருஷத்துக்கு முன் கூவத்துக்கென்று 600 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டம் வந்தது. அதையடுத்து அடையாற்றுக்கென்று 500 கோடிக்கு மேற்பட்ட திட்டம் வந்தது. நமது இயக்கத்தின் பேரைச் சொல்லுகிற கட்சிகள் ஆண்ட காலமும் இதில் அடங்கியிருக்கிறபடியால், யாரோ எதிரியைத் தூற்றுவதற்காக இதை எழுதுகிறோம் என்று எவரும் நினைத்துக் கொள்ள வேண்டியதில்லை.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று நமது பாட்டிமார் சொல்லுவார்கள். போடுகிற பணத்துக்கு ரசீது இருக்கும். இத்தனை லோடு சேறு அள்ளினோம், இத்தனை கிலோமீட்டர் வேலி போட்டோம், இத்தனை மரம் நட்டோம் என்று கணக்கும் இருக்கும். நாம் கேட்பது அந்தக் கணக்கை அல்ல. இவ்வளவையும் செய்த பிறகு ஆற்றுத் தண்ணீருக்கு என்ன ஆயிற்று? நேற்றைவிட இன்று எவ்வளவு சுத்தமாயிற்று? எந்த இடத்தில் ஆயிற்று, எந்த இடத்தில் ஆகவில்லை, யாரால் ஆகவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தக்கது ஒன்றே ஒன்றுதான். அது தண்ணீரை எடுத்துச் சோதித்துப் பார்ப்பது. அந்தச் சோதனைக்குத் தனியாக, நிலையாக, யாரும் கை வைக்க முடியாதபடி பணம் ஒதுக்க வேண்டும் என்பதே இந்த வாரம் நாம் சொல்ல வந்த சங்கதியாகும்.

தண்ணீர் சுத்தமா அசுத்தமா என்ற கேள்வி நமது நாட்டுக்குப் புதிதல்ல. இரண்டாயிரம் வருஷமாக நாம் கேட்டு வந்திருக்கிற கேள்விதான். ஆனால் கேட்ட விதம் தலைகீழானது. தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. தண்ணீரை யார் தொட்டான் என்றுதான் கேட்டோம். 1927-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 20-ந் தேதி, பம்பாய் ராஜதானியில் மகாட் என்ற ஊரிலுள்ள பொதுக் குளத்தில் டாக்டர் அம்பேத்கர் இறங்கி, தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான மக்களோடு ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். அந்தக் குளத்தில் ஆடுமாடு இறங்கலாம். மனிதன் குடித்ததும் குளம் தீட்டாய்விட்டதாம்! வைதிகர்கள் கூடி, சாணியும் மாட்டு மூத்திரமும் பாலும் தயிரும் கலந்து குடம் குடமாகக் குளத்தில் விட்டு, மந்திரம் சொல்லி அதைச் "சுத்தம்" செய்தார்கள். நல்ல தண்ணீரில் சாணியைக் கரைத்துவிட்டு, தண்ணீர் பரிசுத்தமாய்விட்டது என்று சொல்வதற்கு மதத்தைத் தவிர வேறு எதற்குத் துணிச்சல் வரும்?

தீட்டு வேறு, அழுக்கு வேறு. தீட்டு என்பது ஜாதிக்காரன் மூளையில் இருப்பது. அதை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. அழுக்கு என்பது தண்ணீரில் இருப்பது. அதை எந்த ஜாதிக்காரன் அளந்தாலும் ஒரே கணக்குத்தான் வரும். தீட்டைப் பார்த்துப் பார்த்துப் பழகிய நாடு, அழுக்கைப் பார்க்கக் கற்றுக் கொள்ளவில்லை. அதனால்தான் வாசலில் மூன்று வேளை தண்ணீர் தெளித்துக் கோலம் போடுகிற வீட்டின் கக்கூஸ் குழாய் நேராக ஆற்றில் போய் விழுகிறது. வீட்டுக்காரருக்கும் அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை.

இது பழைய கதை என்று யாராவது சொல்லக்கூடும். 2025-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் நடந்ததைக் கேளுங்கள். அலகாபாத் என்னும் பிரயாக்ராஜில் கும்பமேளா நடந்து கொண்டிருந்தது. கோடிக்கணக்கான ஜனங்கள் அங்கே முழுகிக் கொண்டிருந்த சமயத்தில், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பல இடங்களில் பல நாட்களில் எடுத்த தண்ணீரில் மலக்கிருமி குளிப்பதற்குத் தக்க அளவைத் தாண்டியிருந்தது என்று பசுமைத் தீர்ப்பாயத்தில் அறிக்கை கொடுத்தது. குளிக்கத் தக்க அளவு என்பது 100 மில்லிலிட்டர் தண்ணீரில் மலக்கிருமிக் கணக்கு 2500-க்கு மேல் போகாமல் இருப்பதாகும். உடனே அந்த மாநில முதல் மந்திரி சட்டசபையில் எழுந்து, அந்தத் தண்ணீர் குளிக்க மாத்திரமல்ல, ஆசமனம் செய்யவும் தக்கதே என்று சொன்னார். சில நாள் கழித்து அதே வாரியம், எல்லாக் கணக்கையும் சேர்த்துப் புள்ளிவிவர முறைப்படி பார்த்தால் தண்ணீர் குளிக்கத் தக்கதாகவே இருந்தது என்று இன்னொரு அறிக்கையும் கொடுத்தது.

நாம் இதில் யாரையும் வைவதற்கு முன் ஒரு பாடத்தைக் கற்றுக் கொள்ள வேண்டும். சோதனை என்று ஒன்று இருந்தபடியால்தான் சட்டசபையில் பதில் சொல்ல வேண்டிய அவசியமே வந்தது. சோதனை இல்லாவிட்டால் "கங்கை புனிதமானது" என்பதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் சோதனை மாத்திரம் இருந்தால் போதாது. எத்தனை இடத்தில், எத்தனை தடவை, யார் எடுத்தது, எப்படிக் கூட்டிக் கழித்தது என்பதும் ஜனங்களுக்குத் தெரிய வேண்டும். சராசரி என்பது கெட்டிக்காரன் கையில் ஒரு மந்திரக்கோல். ஒரு நாள் விருந்தும் ஒன்பது நாள் பட்டினியுமாகக் கிடந்தவனிடம், சராசரியில் நீ சாப்பிட்டுத்தான் இருக்கிறாய் என்று சொன்னால் அவன் வயிறு ஒப்புக் கொள்ளுமா?

இது நிற்க. தண்ணீரைச் சோதிப்பது என்றால் என்ன என்று கிராமத்துத் தோழர்கள் கேட்கலாம். பெரிய வித்தை ஒன்றுமில்லை. நாம் காற்றில் பிராணவாயுவை மூச்சு வாங்குவது போல மீன் தண்ணீரில் கரைந்திருக்கிற பிராணவாயுவை வாங்குகிறது. தண்ணீரில் மலமும் குப்பையும் சேர்ந்தால், அவற்றைத் தின்கிற நுண்ணுயிர்கள் கோடி கோடியாகப் பெருகி, இருக்கிற பிராணவாயுவை எல்லாம் அவையே உறிஞ்சிக் கொள்ளும். மீன் மூச்சுத் திணறிச் சாகும். ஒரு புட்டியில் ஆற்றுத் தண்ணீரை எடுத்து, அதிலுள்ள பிராணவாயுவை அளந்து, இருட்டில் குறிப்பிட்ட சூட்டில் ஐந்து நாளோ மூன்று நாளோ மூடி வைத்து, மறுபடியும் அளந்தால் எவ்வளவு குறைந்தது என்று தெரியும். எவ்வளவு அதிகம் குறைகிறதோ அவ்வளவு அதிகம் அழுக்கு. இதைத்தான் ஆபீசுகளில் பி.ஓ.டி. என்கிறார்கள்.

குளிக்கத் தக்க தண்ணீரில் இந்த பி.ஓ.டி. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. சாதாரணமாக வீட்டுச் சாக்கடையில் இது 200, 300 என்ற அளவில் இருக்கும். 2022-ஆம் வருஷம் மத்திய வாரியம் வெளியிட்ட அறிக்கையில், ஆவடியிலிருந்து சத்யா நகர் வரையிலான கூவத்தில் இது 345 என்று போட்டிருக்கிறது. அந்த அறிக்கையில் கண்ட இந்தியாவின் கெட்டுப்போன ஆற்றுப் பகுதிகளில் எல்லாவற்றிலும் இதுவே பெரிய எண். அதாவது குளிக்கத் தக்க அளவைப்போல் 115 மடங்கு. ஆற்றில் சாக்கடை கலக்கிறது என்று இனிச் சொல்வதற்கில்லை. சாக்கடையில் கொஞ்சம் ஆறு கலக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த எண்ணைப் பார்த்து நாம் வெட்கப்படலாம். பத்திரிகைகள் இரண்டு நாள் எழுதலாம். ஆனால் இந்த ஒரு எண்ணை வைத்துக் கொண்டு ஆற்றைச் சுத்தம் செய்ய முடியுமா? முடியாது. ஏனெனில் ஆறு என்பது ஒரே கோடு அல்ல. திருவள்ளூர் ஜில்லாவில் கூவம் என்கிற கிராமத்தின் பேரை வாங்கிக் கொண்டு, ஏறக்குறைய 70 கிலோமீட்டர் ஓடி, நேப்பியர் பாலத்தடியில் கடலில் விழுகிற ஆறு இது. மேலே கிராமங்களில் வயலுக்கும் ஏரிக்கும் பாய்கிற தண்ணீர். ஆவடி, திருவேற்காடு தாண்டிப் பட்டணத்துக்குள் நுழைய நுழையத்தான் அதன் நிறம் மாறுகிறது. விருகம்பாக்கம் அரும்பாக்கம் கால்வாய் அதில் வந்து சேருகிறது. மாம்பலம் கால்வாய் அடையாற்றில் போய் விழுகிறது. ஓட்டேரி நல்லா பக்கிங்ஹாம் கால்வாயில் விழுகிறது. அந்தப் பக்கிங்ஹாம் கால்வாயோ கூவத்தையும் அடையாற்றையும் குறுக்கே வெட்டிக் கொண்டு போகிறது. இவை போதாவென்று பேர் தெரியாத மழைநீர்க் குழாய்கள் வழி நெடுக வாய் திறந்து கொண்டிருக்கின்றன. வியாதி எந்த உறுப்பில் என்று தெரியாமல் உடம்பு முழுவதற்கும் பற்றுப் போடுகிற வைத்தியன் மாதிரி, எந்தக் கால்வாய் எவ்வளவு அழுக்கைக் கொண்டுவருகிறது என்று தெரியாமல் ஆறு முழுவதற்கும் கோடிகளைப் பூசினால் யாருக்கு லாபம்? காண்டிராக்டருக்கு லாபம், ஆற்றுக்கு என்ன லாபம்?

ஒவ்வொரு கால்வாயும் சேருகிற இடத்துக்கு மேலே ஒரு புட்டி, கீழே ஒரு புட்டி, கால்வாயின் வாயில் ஒரு புட்டி என்று எடுத்தால் திருடன் தானே அகப்படுவான். அமோனியா ஏறியிருந்தால் புதுச் சாக்கடை அண்மையில் கலக்கிறது என்று அர்த்தம். குரோமியம் வந்தால் தோல் வேலை, முலாம் வேலை நடக்கிற இடத்தைத் தேட வேண்டும். மலக்கிருமி ஏறினால் கக்கூஸ் குழாயையோ, கழிவு லாரி இரவில் கொட்டிவிட்டுப் போகிற இடத்தையோ தேட வேண்டும். இவ்வளவுதான் இந்த வித்தை.

"மூக்கு இருக்கும்போது இதற்கெல்லாம் பணம் எதற்கு? நாறுகிறது என்று குழந்தைக்கும் தெரியுமே!" என்று சில பெரிய மனிதர்கள் கேட்கிறார்கள். மூக்கை நம்பி லண்டன் பட்டணம் பட்ட பாட்டை இவர்களுக்குச் சொல்லுவோம். நூற்றெழுபது வருஷத்துக்கு முன் அங்கேயிருந்த மேதாவிகளும், நாற்றம்தான் வியாதி, நாற்றத்தை அகற்றினால் காலரா போய்விடும் என்று நம்பினார்கள். அதற்காக வீடுகளின் அடியில் இருந்த மலக்குழிகளை எல்லாம் அலம்பித் தேம்ஸ் ஆற்றில் விட்டார்கள். ஜனங்கள் குடித்ததோ அதே தேம்ஸ் தண்ணீர். 1848, 1849 வருஷங்களில் காலராவில் லண்டனில் மாத்திரம் 14,000 பேருக்கு மேல் செத்தார்கள். பிறகு 1854-இல் ஜான் ஸ்நோ என்ற டாக்டர் மூக்கை நம்பாமல் கணக்கை நம்பினார். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளுக்கு இரண்டு கம்பெனிகள் தண்ணீர் கொடுத்தன. ஒரு கம்பெனி சாக்கடை கலந்த இடத்திலிருந்து எடுத்தது. மற்றது ஆற்றின் மேல்பக்கம் போய் எடுத்தது. முதல் கம்பெனியின் 10,000 வீடுகளுக்கு 315 சாவு. இரண்டாவது கம்பெனியின் 10,000 வீடுகளுக்கு 37 சாவு. இரண்டு வீட்டுக்காரர்களும் மூச்சு விட்டது ஒரே காற்றைத்தான். மூக்கு சொன்னது பொய், கணக்கு சொன்னது மெய் என்று ஆயிற்று.

மூக்குக்குத் தெரியாத விஷமும் உண்டு. குரோமியத்துக்கு நாற்றமில்லை. மலக்கிருமி பளிங்கு போன்ற தண்ணீரிலும் இருக்கும். நாற்றமில்லாத இடத்தில் தண்ணீர் நல்லது என்று நினைத்து, ஆற்றங்கரைக் கிணற்றில் மொண்டு குடிக்கிற ஏழைக்கு மூக்கு என்ன எச்சரிக்கை செய்யும்? நொய்யலாற்றங்கரை விவசாயிகளைக் கேட்டுப் பாருங்கள். பாசனத்துக்கென்று 1992-இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக் கழிவைத் தேக்கி வைக்கும் தொட்டியாகிவிட்டது. 2011 ஜனவரியில் ஐகோர்ட்டு சாயப் பட்டறைகளை மூடச் சொல்லும்வரை இந்த வழக்கு நீண்டது. நிலமும் கிணறும் உப்பேறிப் போன பிறகு கிடைக்கிற தீர்ப்பு பிணத்துக்குச் செய்கிற வைத்தியம். உப்பு ஏறத் தொடங்கிய முதல் மாதத்திலேயே கணக்கு ஊரார் கையில் இருந்திருந்தால், அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்திருக்காது அல்லவா?

இனி நமக்கு முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஆற்றைக் கெடுக்கிறவர்கள் யார் என்று கேட்டால், படித்த கனவான்கள் பளிச்சென்று சொல்லும் பதில் "குடிசைக்காரர்கள்" என்பதுதான். ஆற்றைச் சீர்திருத்துகிறோம் என்ற பேரால் கூவக்கரையிலும் அடையாற்றங்கரையிலும் இருந்த ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் குடிசை இடிக்கப்பட்டு, பெரும்பாக்கம் போன்ற தூரமான அடுக்கு வீடுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். வெள்ளத்தில் உயிர் போகிற இடத்தில் ஜனங்கள் இருக்க வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. 2015 டிசம்பரில் அடையாறு செய்த கோலத்தை நாம் மறக்கவில்லை. ஆனால் வேலைக்குப் போகிற இடத்தையும், பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்தையும் விட்டு ஒரு குடும்பத்தைப் பெயர்ப்பதற்கு, "நீதான் ஆற்றைக் கெடுத்தாய்" என்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுமானால், அதற்கு ருஜு எங்கே என்று கேட்க நமக்கு உரிமை உண்டா இல்லையா?

குடிசைக்காரன் அழுக்கு கண்ணுக்குத் தெரிகிறது. மாடி வீட்டுக்காரன் அழுக்கு குழாய்க்குள் மறைந்து போகிறது. இதுதான் வித்தியாசம். ஐம்பது குடிசைகளுக்கு மேலேயும் கீழேயும் தண்ணீரைச் சோதித்து, அதன்பின் ஒரு பெரிய ஓட்டல் குழாய்க்கு மேலேயும் கீழேயும் சோதித்துப் பார்த்து, எது எவ்வளவு என்று பலகையில் எழுதிப் போடட்டும். குடிசையே குற்றவாளி என்று கணக்கு சொன்னால், அவர்களுக்குக் கக்கூஸ் கட்டிக் கொடுக்காத நகரசபைதான் குற்றவாளி என்று நாம் வாதிப்போம். மாடி வீடும் ஓட்டலும் தொழிற்சாலையும் குற்றவாளி என்று கணக்கு சொன்னால், அவர்களையும் பெரும்பாக்கத்துக்கு அனுப்புவார்களா? அனுப்ப வேண்டாம், அபராதத்தையாவது போடட்டும். கணக்கு இல்லாத இடத்தில் பழி எப்போதும் ஏழை தலையில்தான் விழும். ஜாதி இருக்கிற நாட்டில் அது கீழ்ஜாதி என்கிறவன் தலையில்தான் விழும். ஆகவே தண்ணீர்ச் சோதனை என்பது ரசாயனக்காரர்களின் விஷயம் மாத்திரமல்ல. சுயமரியாதை விஷயமும் ஆகும்.

"வாரியம்தான் சோதிக்கிறதே, பிறகு என்ன?" என்று சர்க்கார் கேட்கலாம். சோதிப்பது வாஸ்தவம்தான். 1974-ஆம் வருஷத்துத் தண்ணீர்ச் சட்டத்தின்படி வாரியங்கள் ஏற்பட்டன; தமிழ்நாட்டு வாரியம் 1982-இல் ஏற்பட்டது. குறிப்பிட்ட சில இடங்களில், மாதத்துக்கு ஒரு தடவை என்பது போன்ற முறையில் தண்ணீர் எடுக்கிறார்கள். மாதத்தில் ஒரு நாள் பகல் பத்து மணிக்கு எடுக்கிற ஒரு புட்டி, மற்ற இருபத்தொன்பது நாளின் சங்கதியைச் சொல்லுமா? கழிவு லாரி நடுநிசியில் வருகிறது. கடல் ஏற்றத்தின்போது முகத்துவாரத்தில் எடுத்தால் உப்புத் தண்ணீர் கலந்து அழுக்கு குறைவாகத் தெரியும். இறக்கத்தின்போது எடுத்தால் அதே இடம் வேறு கணக்குச் சொல்லும். கோடையில் முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தால் ஒரு கணக்கு. முதல் மழை தெருக் குப்பையை எல்லாம் அடித்துக் கொண்டு வரும்போது ஒரு கணக்கு. ராத்திரியில் நடக்கிற களவைப் பகலில் ஒரு தடவை ரோந்து போய்ப் பிடிக்க முடியாது.

இதற்காக இரவும் பகலும் தானாகவே அளந்து கொண்டிருக்கிற கருவிகள் இப்போது வந்திருக்கின்றன. ஆனால் அவை சாமி சிலை அல்ல, நட்டுவிட்டுப் போவதற்கு. சாக்கடைத் தண்ணீரில் கிடக்கிற கருவியின் முகத்தில் சில நாளிலேயே பாசியும் சேறும் ஒட்டிக் கொள்ளும். துடைத்து, தெரிந்த தண்ணீரில் வைத்துச் சரி பார்த்து, பழுதானதை மாற்றாவிட்டால் அது வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லிக் கொண்டிருக்கும். கருவி வாங்குகிற அன்றைக்கு மந்திரி வருவார், ரிப்பன் கத்தரிப்பார், படம் எடுப்பார்கள். கருவியைத் துடைக்கிற அன்றைக்கு யாரும் வரமாட்டார்கள். அதனால்தான் வாங்கப் பணம் எளிதில் கிடைக்கிறது. துடைக்கப் பணம் கிடைப்பதில்லை. நமது சர்க்கார் ஆபீசுகளில் வருஷத்துக்கொரு நாள் ஆயுத பூசை என்று சொல்லிக் கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பதற்கு ஆளும் உண்டு, பொரி கடலைக்குப் பணமும் உண்டு. சந்தனம் வைத்த கருவி சரியாக அளக்காது தோழர்களே. சந்தனத்தைத் துடைத்த கருவிதான் அளக்கும்!

ஆகவே நாம் கேட்பதைத் திட்டமாகச் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, ஆற்றுக்கென்று ஒதுக்குகிற ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஒரு ரூபாயைச் சோதனைக்கென்று தனியாக எடுத்து வைக்க வேண்டும். 600 கோடி என்றால் 6 கோடி. மற்ற 99 ரூபாய் வீணாயிற்றா இல்லையா என்று சொல்லப் போகிற ரூபாய் இது. வேலை முடிந்தபிறகும் குறைந்தது பத்து வருஷத்துக்கு இந்தப் பணம் வந்து கொண்டிருக்க வேண்டும். ஆறு ஒரு வருஷத்தில் கெட்டதுமல்ல, ஒரு வருஷத்தில் தேறுவதுமல்ல.

இரண்டாவது, கழிவு நீருக்குப் பொறுப்பான இலாகாவின் கையிலோ, காண்டிராக்டரின் கையிலோ இந்தப் பணமும் புட்டியும் இருக்கக்கூடாது. பரீட்சை எழுதுகிற பையனே தன் தாளைத் திருத்திக் கொள்ளலாமா? கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் 2019 முதல் கழிவு நீரை உயர்ந்த முறையில் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு விற்கிறார்கள். நல்ல காரியம், பாராட்டுகிறோம். காசு கொடுத்து வாங்குகிற முதலாளி சோதித்துப் பார்க்காமல் வாங்குவானா? ஆற்றில் விடுகிற தண்ணீரை வாங்குகிறவர்கள் பாமர ஜனங்கள். அவர்கள் சார்பில் சோதிக்க ஒரு தனிக் கை வேண்டாமா? கலாசாலைகளின் ஆய்வுக்கூடங்களுக்கு இந்த வேலையைக் கொடுக்கலாம். ஒரே புட்டித் தண்ணீரை இரண்டு இடத்துக்கு அனுப்பி ஒத்துப் பார்க்கலாம்.

மூன்றாவது, ஊற்று முதல் முகத்துவாரம் வரை, ஒவ்வொரு கிளைக் கால்வாயும் சேருமிடத்துக்கு மேலும் கீழும் சோதிக்க வேண்டும். கூவம் கிராமத்துத் தண்ணீரும் சோதிக்கப்பட வேண்டும். நல்லதாய் இருக்கிற இடத்தின் கணக்கு இருந்தால்தான், பட்டணம் மேற்கே பரவிக் கொண்டு போகும்போது அது கெட ஆரம்பிப்பது தெரியும்.

நான்காவது, கணக்கு ஒரு வாரத்துக்குள் வெளியாக வேண்டும். கம்ப்யூட்டரில் இங்கிலீஷில் எங்கேயோ போட்டிருக்கிறோம் என்ற சமாதானம் நமக்கு வேண்டாம். ஒவ்வொரு பாலத்திலும் பலகை வைத்து, தமிழில், போன மாதம் இவ்வளவு, இந்த மாதம் இவ்வளவு, இருக்க வேண்டியது இவ்வளவு என்று மூன்று எண்ணை எழுதட்டும். சராசரியை மாத்திரம் எழுதக்கூடாது; மிக மோசமான நாளின் எண்ணையும் எழுத வேண்டும்.

ஐந்தாவது, தண்ணீர் எடுக்கிறவருக்கு நிலையான உத்தியோகமும், பூட்சும், கையுறையும், தடுப்பூசியும் கொடுக்க வேண்டும். சாக்கடைக்குள் இன்ன ஜாதியான்தான் இறங்க வேண்டும் என்ற கொடுமை, புட்டி எடுக்கிற வேலையிலும் புகுந்துவிடக் கூடாது. மலம் அள்ள மனிதனை இறக்கக்கூடாது என்று 2013-இல் சட்டம் செய்த பிறகும் அந்தச் சாவு ஓயாத நாட்டில், இதை எழுதி வைத்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

சர்க்கார் செய்யட்டும் என்று நாம் கைகட்டிக் கொண்டிருக்க வேண்டியதில்லை. 1865-இல் இத்தாலியில் செக்கி என்ற ஒருவர், கடல் தண்ணீரின் தெளிவை அளக்க ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, எத்தனை அடியில் அது கண்ணுக்கு மறைகிறது என்று குறித்துக் கொண்டார். இன்றைக்கும் ஏரிகளில் அந்தத் தட்டுத்தான் இறங்குகிறது. அந்த மனிதர் ஒரு கிறிஸ்தவப் பாதிரியார். இறக்கியதோ போப்பாண்டவரின் கப்பலிலிருந்து! அவர் தண்ணீரைப் பார்த்து ஜெபம் செய்திருந்தால் இன்றைக்கு அவர் பேர் யாருக்கும் தெரிந்திராது. தட்டை இறக்கியபடியால் தெரிகிறது. நமது ஊர்களில் மாசி மகம், ஆடிப்பெருக்கு என்று ஆற்றுக்குப் பூவும் பழமும் கொண்டு போகிறவர்கள், அந்தச் செலவில் கொஞ்சத்தை மிச்சம் பிடித்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கையில் ஒரு தட்டும், சூட்டளவியும், சில சோதனைக் காகிதமும், ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்கிக் கொடுக்கட்டும். வாரந்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அளந்து தேதி போட்டு எழுதி வரட்டும். சர்க்கார் கணக்கு வரும்போது ஒத்துப் பார்க்க நம்மிடமும் ஒரு கணக்கு இருக்கும்.

பெரியார் அவர்கள் 1919-இல் காங்கிரசில் சேருவதற்கு முன், ஈரோடு முனிசிபாலிட்டி சேர்மனாய் இருந்தபோது, ஊருக்குக் காவேரித் தண்ணீரைக் குழாயில் கொண்டு வந்தார். காவேரி புண்ணிய தீர்த்தம், அதில் முழுகினால் மோட்சம் என்று சொல்வதற்கு ஊரில் ஆயிரம் பேர் இருந்தார்கள். அதை ஏழை வீட்டு வாசல் வரையில் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும் என்ற கவலை அவருக்குத்தான் இருந்தது. இன்றைக்கும் ஆற்றை மாதா என்று கும்பிட ஆள் இருக்கிறது. அந்த மாதாவுக்குக் காய்ச்சலா என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை, பணம் இல்லை.

அடுத்த வருஷ பட்ஜெட்டில் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இத்தனை கோடி என்று படிக்கும்போது, வாசகர்கள் தங்கள் கவுன்சிலரையும் சட்டசபை மெம்பரையும் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டுகிறோம்: "ஐயா, அளப்பதற்கு எவ்வளவு?" இதற்குப் பதில் சொல்லாதவர்கள் ஆற்றைச் சுத்தம் செய்யப் போவதாகச் சொல்வதும், புரோகிதன் மோட்சத்துக்கு அனுப்பப் போவதாகச் சொல்வதும் ஒன்றே. இரண்டிலும் பணம் போவது நமக்குத் தெரிகிறது. போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கத்தான் வழியில்லை. மோட்சத்தை அளக்க முடியாது; ஆற்றை அளக்க முடியும். அளக்கக் கூடியதை அளக்க மறுக்கிறவர்களை நம்புவது நமது அறிவுக்கு அழகல்ல என்பதைத் தெரிவித்துக் கொள்ளுகிறோம்.